முதலில் எங்கள் வீட்டுப் புல்

அந்தப் புல் வெட்டும் மெஷினை நான் பழுதாக்கவில்லை. எனக்கு இப்போது முப்பத்தொரு வயது. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா என்று குடும்பம் கூடுகிற இடத்தில் யாராவது சிரித்துக்கொண்டே அந்தக் கதையை எடுத்தால், இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் தட்டில் இருக்கிற ரோல்ஸில் கைவைப்பேன். எங்கள் ஆட்களுக்குக் குற்றச்சாட்டு ஞாபகம் இருக்கும், தீர்ப்பு மறந்துபோகும். ஆகவே நடந்ததை ஒருமுறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

அப்போது நாங்கள் சிட்னியில், பென்டில் ஹில்லில் ஒரு பழைய வாடகை வீட்டில் இருந்தோம். வீடு சின்னது, அதைச் சுற்றியிருந்த வளவு பெரியது. சித்தப்பா பிளாக்டவுனில் புதிதாகக் கட்டிய மாடி வீட்டில் இருந்தார். அங்கே வீடு பெரியது, வளவு சின்னது. வீட்டைக் கட்டி, காருக்குச் சீமெந்து போட்டு, மிச்சம் விட்ட இடத்தில் நாலு பாய் விரிக்கிற அளவுக்குப் புல் இருந்தது.

சித்தப்பா அப்பாவுக்குத் தம்பி. ஆனால் இந்த நாட்டுக்கு முதலில் வந்தவர் அவர்தான். படிக்க வந்து, எஞ்சினியராகி, பிறகு எங்களைக் கூப்பிட்டுவிட்டவர். அதனால் எங்கள் குடும்பத்தில் வயது தலைகீழாகிவிட்டது. எந்தக் கார் வாங்குவது, என்னை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, குளிர்சாதனப் பெட்டி ஏன் முனகுகிறது, எல்லாவற்றையும் தம்பி சொல்ல அண்ணன் கேட்பார். மெஷின் என்று பெயர் உள்ள எதற்கும் சித்தப்பாவின் வாய்ச்சொல்தான் முடிவு. அவர் பாலம் கட்டுகிற எஞ்சினியர் என்பது யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

புல் வெட்டும் மெஷினும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒன்றே இருந்தது. சனிக்கிழமை காலை சித்தப்பா தன்னுடைய புல்லை வெட்டுவார். பதினைந்து நிமிட வேலை. முடித்த கையோடு மெஷினைக் காரின் பின்பக்கத்தில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். முதலில் அவருடைய புல், பிறகு எங்களுடையது. அந்த வரிசையை யாரும் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அது இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வளவை முதலில் அப்பாதான் வெட்டினார். அவர் பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார். சனிக்கிழமை காலையில் வந்து, தூங்காமல், மெஷினைப் பிடித்துக்கொண்டு வேலிவரைக்கும் நடப்பார். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒருநாள் அவர் பாதியில் தண்ணீர் குடிக்கப் போன நேரம் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அன்றிலிருந்து அது என் வேலை.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வெயிலில் கறுத்துப்போவேன் என்றார். சித்திக்கும் பிடிக்கவில்லை. தெருவில் தமிழ் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார், ஏதோ நான் தெருவில் நின்று குடிப்பதுபோல. எனக்கு உலகத்தில் அதைவிட விருப்பமான வேலை வேறொன்றும் இல்லை. புல்லில் நேர்க்கோடு விழும். மணம் வரும். முக்கியமாக, அந்த இரைச்சலில் யாரும் எனக்கு எதுவும் சொல்ல முடியாது. கணக்குப் பயிற்சி, பரதநாட்டியம், தமிழ்ப் பள்ளி என்று ஆளாளுக்கு என்னை மேய்த்த காலத்தில், வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் என்னுடையது.

அந்தக் கோடையில் மெஷின் நிற்கத் தொடங்கியது. எங்கள் வீட்டில் மட்டும். சித்தப்பா வீட்டில் முதல் இழுவையிலேயே பிடித்து ஒழுங்காக ஓடும். எங்கள் வீட்டுக்கு வந்தால் முக்கி முனகிப் பிடிக்கும், பத்து நிமிடம் ஓடும், செத்துப்போகும். அதன் பிறகு கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் பிடிக்காது. சித்தப்பா பிளக்கை மாற்றினார். பெட்ரோலை மாற்றினார். காற்று வடிகட்டியைத் தட்டிப் போட்டார். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில் ஓடியது, எங்கள் வீட்டில் நின்றது.

மூன்றாவது சனிக்கிழமை அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“என்ர வீட்டில ஒரு சோலியும் இல்ல. இங்க வந்தாத்தானே நிக்குது. இவள் கயித்தைப் போட்டு இழுக்கிற இழுவையில உள்ளுக்கை என்னவோ உடைஞ்சு போட்டுது. பொம்பிளைப் பிள்ளையளுக்கு மெஷினோட பொறுமை இல்லை அண்ணை. இனி இவளைத் தொட விடாதேங்கோ.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சரி தம்பி” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகையில்லை, ஆத்திரம். இட்ஸ் நாட் மை ஃபால்ட் என்று கத்தினேன். பெரியவர்களோடு கத்தக்கூடாது என்று சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினி ஜன்னலால் கத்தினார்.

பாதி வெட்டிய வளவில் மெஷினை விட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. நான் தொடக்கூடாது என்று சொன்ன அந்தக் கயிற்றை ஒருதரம் இழுத்தேன், வீம்புக்கு. வெண்ணெயில் இருந்து நூலை எடுப்பதுபோல வந்தது. பிடிப்பே இல்லை. பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு போய் மறுபடி இழுத்தேன். இந்த முறை பாதியில் கயிறு என் கையைத் திருப்பி இழுத்தது, உள்ளே யாரோ நின்று மறித்ததுபோல. அடுத்த இழுவைக்கு மெஷின் பிடித்து ஓடியது. அம்மா வெளியே வருவதற்குள் அணைத்துவிட்டேன்.

சூடாக இருந்தால் கயிறு தளர்வு. ஆறினால் இறுக்கம். என் கை தொட்டுப் பார்த்த வித்தியாசம் அது. சித்தப்பாவுக்குத் தெரிய வழியில்லை. அவர் எப்போதும் காலையில், ஆறிய மெஷினைத்தான் இழுப்பார். சூடான மெஷினோடு மல்லுக்கட்டுவது எப்போதும் நான்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முடிந்து நூலகத்துக்குப் போனேன். சின்ன எஞ்சின்களைத் திருத்துவது பற்றி எண்ணெய்க் கை அடையாளங்களோடு ஒரு தடித்த புத்தகம் இருந்தது. தோட்டப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் யாரோ பிழையாக வைத்திருந்தார்கள். சம்மணம் போட்டுத் தரையில் இருந்து படித்தேன். பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி போதுமாக இருந்தது.

எஞ்சினின் தலையில் இரண்டு வால்வுகள் இருக்கும். ஒன்று காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும், மற்றது எரிந்த புகையை வெளியே விடும். இரண்டும் தத்தம் வாயில் இறுக்கமாக உட்கார்ந்து மூடினால்தான் உள்ளே அழுத்தம் பிடிக்கும். வால்வின் தண்டு சூட்டில் ஒரு மயிரளவு நீளும். நீளுவதற்கென்று அதற்கு மேலே ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். பாவிக்கப் பாவிக்க வால்வு தன் வாயில் தேய்ந்து உள்ளே இறங்கும், அந்த இடைவெளி இல்லாமல் போகும். அதன் பிறகு தண்டு சூட்டில் நீண்டால் அதற்குப் போக இடமில்லை, வால்வு முழுதாக மூடாது. அகப்பை கிடக்கிற சட்டிக்கு மூடி போட்டதுபோல ஒரு கீறல் திறந்தே இருக்கும். அழுத்தம் அதனால் போய்விடும். ஆறினால் தண்டு பழைய நீளத்துக்கு வரும், வால்வு மூடும், மெஷின் ஓடும். புத்தகத்தில் ஒரு வரியை ஐந்து தரம் வாசித்தேன்: குளிரில் ஓடும், சூட்டில் நிற்கும்.

அன்று இரவு வேலைக்குப் போகமுதல் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எதிர்க் கதிரையில் இருந்து, ஒரு பேனையையும் பருப்புக் கிண்ணத்தையும் வைத்து அவருக்கு வால்வை விளங்கப்படுத்தினேன். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அப்பிடியே?” என்றார். பிறகு, “அப்ப ஆறவிட்டுத்தான் பாக்க வேணும் என்ன?” என்றார். நல்ல கேள்வி என்று நினைத்தேன். ஓம், ஆறவிட்டுத்தான் என்றேன். ஆனால் சித்தப்பாவிடம் சொல்லுங்கள் என்றதும் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஆகவே நானே சொன்னேன். அந்தச் சனிக்கிழமை மெஷின் எங்கள் வளவிலேயே சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. புது மெஷின் வாங்க வேண்டும், இதைக் குப்பைக்குப் போட வேண்டும் என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பி நின்றேன். எழும்பி நிற்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை.

“வாற சனி முதல்ல எங்கட வீட்டுப் புல்லு. முன்பக்கம் மட்டும். அது உங்கட புல்லளவுதான். நான்தான் வெட்டுவன். அங்க நிண்டுதெண்டால் இனி ஜென்மத்துக்கும் நான் தொட மாட்டன். பிறகு ஆறவிடாம இங்க கொண்டு வருவம். இங்க நிண்டுதெண்டால் நீங்கள் எல்லாரும் எனக்கு அப்பொலஜைஸ் பண்ண வேணும்.”

 அம்மா என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். நான் உட்காரவில்லை. நான் ஒரு மெஷினைப் பற்றிப் பேசியதாகத்தான் நினைத்தேன். முதலில் எங்கள் வீடு என்று ஒரு சொல்லை நான் அந்த மேசையில் போட்டதும் ஏன் அப்பாவின் காது சிவந்தது, ஏன் சித்தி கறிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா சிரித்தார். “சரி, பாப்பம். லோயருக்குப் படிக்க விடவேண்டிய பிள்ளை” என்றார்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு எங்கள் முன்வளவில் மெஷினை நிறுத்தினேன். முதல் இழுவையில் பிடித்தது. வரிசை வரிசையாக நடந்தேன்.  கடைசி வரிசை முடியும்வரை மெஷின் ஒருதரமும் இருமவில்லை. படியில் அப்பா இருந்தார், அன்று தூங்கவில்லை. சூட்டோடு சூடாகப் பழைய போர்வையைப் போட்டுக் காரில் ஏற்றி, ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் பிளாக்டவுனுக்கு ஓடினோம்.

சித்தப்பா இடுப்பில் கட்டிய சறத்தோடு வெளியே வந்து கயிற்றைப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது இழுவைக்கு அது முனகிக்கொண்டு பிடித்தது. அவர் ஒரு வரிசை போனார், திரும்பினார், அரை வரிசை வந்தார். நின்றது. மறுபடி இழுத்தார். இழுத்தார். இழுத்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் குழாயை மூடிவிட்டுப் பார்த்தார். எனக்கு ஒரே சந்தோஷம். அதை மறைக்க நான் கொஞ்சமும் முயலவில்லை.

“கயிறு எப்பிடிக் கிடக்கு சித்தப்பா? லூஸாக் கிடக்கோ?” என்று கேட்டேன்.

அவர் கயிற்றை விட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சரி, இதைத் தூக்கி எறிவோம் என்றார். எறியத் தேவையில்லை, வால்வின் இடைவெளியைச் சரிபார்த்தால் போதும் என்றேன். அதற்கு ஆள் பார்க்க வேண்டும் என்றார். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

“தம்பி, பிள்ளை இவ்வளவு சொல்லுறாள். அவள் சொல்லுறபடி ஒருக்காத் திறந்து பாப்பமே?”

சித்தப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கராஜில் இருந்த ஸ்பனர் பெட்டியை எடுத்துவந்து அப்பாவின் காலடியில் வைத்தார்.

ஆறுவதற்கு விட்டோம். சித்தப்பா இரண்டு தரம் ‘இப்ப ஆறினது போதுமே?’ என்று கேட்டார். அப்பா புறங்கையை எஞ்சினின் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் இல்லை என்று தலையாட்டினார். ஆறவிட வேண்டும் என்று நான்தானே சொல்லியிருந்தேன், அதை அவர் மறக்கவில்லை என்று பெருமைப்பட்டேன். காத்திருந்த நேரத்தில் அவர் மேல்மூடியைக் கழற்றினார். எஞ்சினின் தலையைச் சுற்றி இருந்த இரும்பு மடிப்புகளுக்கு இடையில் காய்ந்த புல் தகடு தகடாக இறுகிக் கிடந்தது. காற்றுப் போக இடமே இல்லை. சூடு வெளியேறாமல் அங்கேயே கிடந்து வெந்திருக்கிறது. சித்தியிடம் ஒரு கபாப் குச்சி வாங்கி, மடிப்பு மடிப்பாகச் சுரண்டி எடுத்தார்.

பிறகு வால்வு மூடியின் ஆணிகளைக் கழற்றினார். சித்தப்பா யாரும் கேட்காமல் ஒரு சின்னத் தட்டை நீட்டினார், அப்பா பார்க்காமலே ஒவ்வோர் ஆணியாக அதில் போட்டார். சித்தப்பா அவமானத்தில்தான் பேசாமல் நிற்கிறார் என்று நினைத்தேன்.

புத்தகத்தில் இடைவெளியை அளக்க மெல்லிய தகடுகள் வேண்டும் என்று இருந்தது, அது எங்களிடம் இல்லை. பாதி மில்லிமீட்டரையும் விடக் குறைவான அந்த எண்ணை நான் சத்தமாகச் சொன்னேன். அப்பா யோசித்துவிட்டு, சித்தி தையல் பிரிக்கிற சவர பிளேட் இருக்கிறதா என்று கேட்டார். புகை போகிற வால்வுக்கு மேலே ஒற்றை பிளேட்கூட நுழையவில்லை. அவர் அதற்கு மேலிருந்த மரையாணியைத் தளர்த்தி, திருப்பி, இரண்டு பிளேட்டைச் சேர்த்து நுழைத்துப் பார்த்தார். விரலால் மெதுவாக இழுத்தார். இன்னும் ஒரு மயிரளவு திருப்பினார். மற்ற வால்வுக்கு ஒற்றை பிளேட்டை மட்டும் வைத்து இறுக்கினார். மூடியைப் போட்டார்.

மெஷின் பிடித்தது. அந்தச் சின்னப் புல்லை அப்பா ஒருதரம் வெட்டினார், பிறகு வெட்டிய புல்லையே மறுபடி வெட்டினார், கால்மணி நேரம். அணைத்துவிட்டு, கொதிக்கிற மெஷினின் கயிற்றை என்னிடம் தந்தார். இழுத்தேன். பாதியில் அது என் கையைத் திருப்பி இழுத்தது. அடுத்த இழுவைக்குப் பிடித்தது. சித்தப்பா என் தலையில் கைவைத்து, “கெட்டிக்காரி” என்றார். அது மன்னிப்பு இல்லை என்று நான் அவருக்குச் சொன்னேன். அவர் சொல்லவும் இல்லை. இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் வளவு மறுபடி எனக்குக் கிடைத்தது.

பத்து வருடத்துக்குப் பிறகு அப்பாவுக்காக ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுக்கு வருமுன் செய்த தொழில் என்ற கட்டத்தில், தோட்டம் என்று நானே எழுதப்போனேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “தோட்டம் செய்தது உன்ர அப்பப்பா. நான் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெஷின் திருத்தினனான். பதினொரு வருஷம்” என்றார். சித்தப்பா வெளிநாடு போகும்வரை பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றவராம்.

எனக்குப் பேனை கையில் நின்றுவிட்டது. ஊரில் வெயிலில் நாள் முழுக்க ஓடுகிற எஞ்சின்கள், சூட்டில் மூடாமல் போன வால்வுகள், அவற்றைத் தேய்த்துப் பொருத்திப் பதினொரு வருடம். நான் குற்றவாளியாக நின்ற அன்று, சத்தத்தைக் கேட்டே காரணம் தெரிந்த ஒரு மனிதர் என் பக்கத்தில் நின்று ‘சரி தம்பி’ என்று சொல்லியிருக்கிறார்.

“தெரிஞ்சுகொண்டே ஏன் பேசாம நிண்டனீங்கள்?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

“அவன்தானே எங்களைக் கூப்பிட்டவன். அவன்ர மெஷின்” என்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “பிறகு நீ கதைக்கத் தொடங்கிட்டாய்” என்றார்.

அந்த ‘சரி தம்பி’யை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. தம்பி சொல்ல அண்ணன் கேட்கிற வீட்டில், எனக்குத் தெரியும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிள்ளை சொல்கிறாள் என்று சொல்ல முடிந்தது. அதற்கு நான் ஞாயிற்றுக்கிழமை எழும்பி நிற்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது காரின் முன்சீட்டில் இருந்து வழிமுழுக்க அப்பாவுக்கு வகுப்பெடுத்தேன். காற்று உள்ளே வருகிற வால்வுதான் அதிகம் சூடாகும் என்றேன். அது பிழை, நெருப்புப் புகை போகிற வால்வுதான் அதிகம் சூடாகும், அதனால்தான் அதற்கு மட்டும் அவர் இரண்டு பிளேட் வைத்தார். ஒன்றுக்கு ஒற்றை பிளேட் வைத்தது உங்கள் பிழை, அடுத்த முறை இரண்டுக்கும் இரண்டு வைக்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். அப்பா சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு, “ஓம் பிள்ளை, அடுத்தமுறை அப்பிடிச் செய்வம்” என்றார். வீட்டுக்குள் போனதும் நான் நேரே குசினிக்குப் போய், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் அப்பாவுக்கும் மெஷின் வேலை விளங்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.